துப்பாக்கியின் ஞானத்தாய்

தன் துப்பாக்கிக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும் என்று என் கணவர் சார்ல் முடிவு செய்தபோது, ஸ்டவ் ரிப்பேர் செய்கிற வடிவாம்பாளின் பெயரைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கையில் அவருக்குக் கொண்டுவந்த காப்பி இருந்தது. மேஜையில் வைத்த வேகத்தில் பாதி தட்டில் கொட்டிவிட்டது. அவர் தட்டில் கொட்டியதையும் சேர்த்துக் குடித்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கோபம் நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

சார்ல் பதினேழு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் எங்கள் வீட்டை இன்றும் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். முதலில் சைகோன், பிறகு அல்ஜீரியா, பிறகு பிரான்சில் ஏதேதோ ஊர்கள். ஐம்பத்தேழில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் நான் கடிதத்தோடுதான் குடும்பம் நடத்தினேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். எழுபதில் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது, இனிமேல் உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடைத்தார் என்று நினைத்தேன். வந்தவர் பேப்பர் படித்தார், ரேடியோ கேட்டார், நான் எதைக் கேட்டாலும் "ம்" என்றார். மகள் ஜெனேவியேவ் பாண்டிச்சேரி கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நாலு வருஷமாக நான் பேசுவேன், அவர் "ம்" என்பார்.

எழுபத்துநாலு மே மாசம் வெயில் தாங்காமல் பரணைச் சுத்தம் செய்தோம். அங்கே அவருடைய பழைய இரும்பு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் பாய்த் துண்டில் சுற்றி இந்தத் துப்பாக்கி. அமெரிக்கக் குதிரைக்காரப் படங்களில் பார்த்திருப்பீர்கள், விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த குண்டுக்குத் தயாராகிவிடும். அதே வடிவம். ஆனால் இது மருந்து வெடிக்கிற துப்பாக்கி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், காற்றை அழுத்தி மிளகு மாதிரி ஒரு ரவையைத் தள்ளும், அவ்வளவுதான். வெள்ளைக்காரப் பையன்கள் விளையாடுகிற சாமான். ஐம்பத்துமூன்றில் சைகோன் சந்தையில் வாங்கினாராம். இருபத்தொரு வயது ஆம்பிளை, சம்பளக் காசில் முதலில் வாங்கியது விளையாட்டுத் துப்பாக்கி!

அதன் கதி பரிதாபமாக இருந்தது. குழல் முழுக்கத் துரு. வளையம் அசையவில்லை. தோளில் வைக்கிற கட்டையைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றினார். பிஸ்டன் முனையில் இருந்த தோல் வாசர் அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நம்ம ஸ்டவ் பம்புல இருக்குற வாசர் மாதிரிதானே இருக்கு? மார்க்கெட்டாண்ட வடிவாம்பாகிட்ட கொண்டு போங்க" என்றேன். என் வாயால் நானே சொன்னேன். இன்று வரைக்கும் அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வடிவாம்பாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குரும்பகரத்துக்காரி. பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்த புருஷன் செத்த பிறகு கடையை அவளே நடத்தினாள். ஒரு ஆள் குனிந்து நுழைகிற கடை. விரல் நகமெல்லாம் கறுப்பு, புடவையில் மண்ணெண்ணெய் வாடை. அழகி என்று சொல்ல மாட்டேன். கடுப்பிலும் பொய் சொல்லக் கூடாது, அசிங்கமாகவும் இருக்க மாட்டாள்.

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பகல் சாப்பாட்டுக்குத்தான் வருவார். வந்தால் பேச்செல்லாம் துப்பாக்கி. பேச்சு என்று நான் சொல்வது நாலு வார்த்தை, அந்த நாலு வார்த்தையில் இரண்டு, "வடிவு சொல்லுச்சு".

"ஸ்பிரிங் தளந்து போச்சுன்னு வடிவு சொல்லுச்சு. கெட்டிக் கம்பியில புதுசா சுத்திரலாமாம், முன்னவிட வேகமா போகுமாம்."

"கட்டைக்கு காரைக்கால்மேட்டுக்குப் போகச் சொல்லுச்சு. சிங்காரவேலு படகு கட்டுனதுல மிச்சம் மரம் கெடக்காம்."

சோற்றில் குழம்பு ஊற்றினேனா ரசம் ஊற்றினேனா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வடிவு சொன்னது மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது.

ஒரு நாள் என்னிடம் வந்து, "ஐரேன், அந்த ஓட்டைக் காசு வச்சிருக்கியா?" என்று கேட்டார். சைகோனில் புழங்கிய காசு அது, நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். கல்யாணமான மறுநாள் என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பதினேழு வருஷமாக என் நகைப் பெட்டியில் பஞ்சில் வைத்திருந்தேன். அவருக்கு அது ஞாபகம் இருக்கிறதே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாகத் தென்னைமரத்தைப் பார்த்தார். "சரியா இருக்கு. இதக் குழல் மேல நிமித்தி வச்சு ஈயத்துல பத்தவச்சா குறி பாக்க வசதி. வடிவோட யோசன" என்றார்.

அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு போடவில்லை, வேண்டுமென்றேதான். சத்தமில்லாமல் சாப்பிட்டுப் போனார்.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் போன அரை மணியில் நானும் கிளம்பினேன். கடைக்கு எதிரே மதார் சாகிப் அரிசி மண்டி. புழுங்கலரிசி விலை கேட்கிற சாக்கில் மூட்டைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சார்ல் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இடையில் சிரித்தார், தொடையில் தட்டிச் சிரித்தார். வடிவாம்பாள் தலை நிமிராமல் வளையத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள், நடு நடுவே தலையை மட்டும் ஆட்டினாள். "ம்" என்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. என் வீட்டில் நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வாய் இந்த மண்ணெண்ணெய்க் கடையில் வந்து திறந்திருக்கிறது! மதார் சாகிப் மூன்று தரம் "எத்தன மரக்கா வேணும்மா?" என்று கேட்டபிறகுதான் எனக்குக் காது கேட்டது. வீட்டில் அரிசி இருக்கும்போதே ஒரு மரக்கால் வாங்கிக்கொண்டு வந்தேன். வயிறு அடுப்பாக எரிந்தது, மறைப்பானேன்?

ஜூலை முதல் வாரத்தில் துப்பாக்கி வேலை முடிந்தது. படகு மரத்தில் புதுக் கட்டை, புது ஸ்பிரிங், புது வாசர், துரு போய்க் கறுப்புப் பூச்சு, குழலின் மேல் என் ஓட்டைக் காசு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கொல்லையில் டால்டா டின்னை வைத்துச் சுட்டார். வளையத்தை இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்காக இருப்பது தெரிந்தது, ஆனால் விசையை அழுத்தியதும் "புஸ்" என்று ஒரு சத்தம், ரவை பத்தடி போய் மண்ணில் விழுந்தது. எங்கேயோ காற்று கசிகிறது. அவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதையும் மறைக்கவில்லை.

ஜூலை பதினாலு, பிரான்சின் தேசிய நாள், எங்களுக்கும் பெரிய நாள். பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு தங்கள் சங்கத்து வளாகத்தில் கூடுவார்கள். கொடி ஏற்றி, பாட்டுப் பாடி, கேக் சாப்பிட்டு, கடைசியில் பலூன் சுடுகிற போட்டி. வழக்கமாகச் சந்தைக் கடைக்காரனின் ஓட்டைத் துப்பாக்கியை வாடகைக்கு எடுப்பார்கள். இந்த வருஷம் சார்லின் துப்பாக்கி என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அது மட்டுமில்லாமல் ஒரு சடங்கும் உண்டாம்.

"எங்க பிரிவுல எந்த வண்டி புதுசா வந்தாலும் பேர் வச்சுதான் ஓட்டுவோம். அதுக்கு ஒரு மர்ரேன் வேணும், ஞானஸ்நானத்துல புள்ளைக்கு நிக்கிற ஞானத்தாய் மாதிரி. அவ பேரையே எழுதிருவோம்" என்றார். அப்போதுதான் நான் காப்பி கொண்டுவந்தேன். "வடிவு பேர எழுதலாம்னு இருக்கேன். சிங்காரவேலு படகுக்குப் பேர் எழுதுறவன், அவனையே வரச் சொல்லியாச்சு."

"ஞானஸ்நானம் வாங்காதவ எப்படிங்க ஞானத்தாய் ஆவா?" என்று கேட்டேன்.

"துப்பாக்கி மட்டும் வாங்கியிருக்கா?" என்றார். நாலு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன நீளமான பதில் அது. எழுந்து போய்விட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கட்டையில் அவள் பெயர் ஏறக் கூடாது. என் காசைப் பதித்த துப்பாக்கியில், என் வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற துப்பாக்கியில், ஊர் பார்க்க "வடிவு" என்று எழுதிவிட்டால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? துப்பாக்கி சுடவே சுடாவிட்டால் சடங்கு ஏது, பெயர் ஏது என்று கணக்குப் போட்டேன்.

என் தையல் மெஷினில் ஒரு முறை வேலைக்காரி தெரியாமல் விளக்கெண்ணெய் விட்டுவிட்டாள். பிசின் மாதிரி இறுகி, சக்கரம் அசையாமல், ஒரு மாசம் மெஷின் கிடையில் கிடந்தது. பன்னிரண்டாம் தேதி மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்து விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். துப்பாக்கியை நிறுத்தி வைத்து, குழல் வழியாக மூன்று கரண்டி ஊற்றினேன். பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "வடிவு சொல்லுச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாலாவது கரண்டியும் ஊற்றினேன்.

மறுநாள் காலை கொல்லையில் "டப்" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், டால்டா டின் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. எடுத்துப் பார்த்தால் இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் ஓட்டை. முதல் இரண்டு தடவை மட்டும் குழல் வாயில் லேசாகப் புகை வந்ததாம். பிறகு ஒவ்வொரு ரவையும் கொல்லைச் சுவர் வரை போய்க் காரையைப் பெயர்த்தது. காய்ந்து கிடந்த புதுத் தோல் வாசர் எண்ணெயில் ஊறி, உப்பி, குழாயோடு பதமாகப் பொருந்திவிட்டது. கெடுக்கப் போனவள் நான், துப்பாக்கிக்கு உயிர் கொடுத்துவிட்டேன்.

"பாத்தியா ஐரேன்! வடிவு கை வச்சா வீணாப் போகுமா? ரெண்டு நாள் கெடக்கட்டும், வாசர் தானா படிஞ்சிரும்னு சொல்லுச்சு. படிஞ்சிருச்சு பாரு!"

நான் செய்ததற்கு அவளுக்குப் பாராட்டு! "ஊத்துனது நான்" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஏன் ஊற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? முழுங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்க்க வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை, கழுவி வைத்ததையே எடுத்துத் தேய்த்தேன்.

பதினாலாம் தேதி சங்கத்து வளாகத்தில் எழுபது எண்பது பேர். வடிவாம்பாளும் வந்திருந்தாள். சலவைப் புடவை கட்டி, தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்து, ஓரமாக நின்றாள். விரல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பாள் போல, சிவந்திருந்தன. கொடி ஏறியது, பாட்டு முடிந்தது. சிங்காரவேலு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக வந்து நின்று, "என்ன பேர் எளுதணும் சொல்தாய்யா?" என்று கேட்டான்.

சார்ல் துப்பாக்கியை வடிவாம்பாள் கையில் கொடுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் வளையத்தை ஒரு தரம் இழுத்துத் தள்ளினாள். குழல் வாயை மூக்கருகே கொண்டுபோனாள். விரலை வைத்துத் தடவி, விரலை முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஐயா, இது நான் விட்ட எண்ணெ இல்லீங்க. நான் மெஷின் எண்ணெதான் விட்டேன். இது வெளக்கெண்ண."

சார்ல் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஐரேன்?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் வடிவாம்பாள் முந்திக்கொண்டாள். "அம்மாதான் விட்டிருப்பாங்க. தோல் ஊறுனாத்தான் காத்து நிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குப் புத்தி ஓடல பாருங்க. அப்பறம் நான் எப்படி ஞானத்தாய்? அம்மா பேர எளுதுங்க."

சார்ல் தயங்கினார். "அது எப்படி..." என்று இழுத்தார். அந்தத் தயக்கம் என் நெஞ்சில் குத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் என் பெயரை எழுத மனசு வரவில்லையே! ஆனால் கிழட்டுச் சொல்தாக்கள் கைதட்டி, "மதாம் பேர எழுது! மதாம் பேர எழுது!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். சிங்காரவேலு தூரிகையைத் தோய்த்து, படகில் எழுதுகிற மாதிரி வளைத்து வளைத்து "ஐரேன்" என்று எழுதினான். முதல் பலூனை என்னைச் சுடச் சொன்னார்கள். நான் மஞ்சள் பலூனைக் குறி பார்த்தேன், பக்கத்திலிருந்த சிவப்பு வெடித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது வடிவாம்பாள்தான். பிறகு ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்தேனா? இல்லை. அவள் போட்ட பிச்சை மாதிரி என் பெயர் அந்தக் கட்டையில் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே நான் கடைக்குப் போய்விட்டேன். வடிவாம்பாள் ஒரு ஸ்டவ்வின் நாசில் துளை அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஏன் அப்படிச் சொன்ன? நான் எதுக்கு ஊத்துனேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. கெடுக்கத்தான்" என்றாள், தலை நிமிராமல். "தையல் மெஷின் வச்சிருக்குற பொம்பளைக்கு வெளக்கெண்ண என்ன பண்ணும்னு தெரியாதா?"

"பின்ன ஏன் காட்டிக் குடுக்கல?"

ஸ்டவ்வைக் கீழே வைத்தாள். "எனக்கு எதுக்கும்மா துப்பாக்கியில பேரு? ரெண்டு மாசமா உங்க பேரக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. உங்க பேரத்தான் எளுதுங்களேன்னு நானே அன்னைக்கு அவருகிட்ட சொன்னேன். அதுக்கு அவரு, துப்பாக்கி எங்க வீட்டுப் புள்ள மாதிரி, வீட்டுக்காரிதான் அதுக்குத் தாய், பெத்த தாய் எப்படி ஞானத்தாய் ஆவா, ஞானத்தாய்க்கு வெளியாளுதான் வேணும், எங்க சாமியார் ஒத்துக்க மாட்டாருன்னாரு."

பெற்றவள் ஞானத்தாயாக நிற்க முடியாது என்பது ஞானஸ்நானம் வாங்கிய எல்லாருக்கும் தெரிந்த முறை. எனக்கும்தான் தெரியும்.

"என் பேரா?" என்றேன். "என்னப் பத்தியா பேசிக்கிட்டிருந்தாரு?"

"வேற எதப் பத்தி? மளை பேஞ்சா கெணத்துல எத்தினி படி முங்குச்சுன்னு லெட்டர்ல எளுதுவீங்களாமே. அல்ஜீரியாவுல அதப் படிச்சிட்டுத் தண்ணி குடிப்பாராம். அம்மைக்கு நீங்க படுத்துக் கெடந்தப்ப லீவு குடுக்கலன்னு ஆபீசர்கிட்ட சண்ட போட்டு எட்டு நாள் உள்ள இருந்தாராம். இதையெல்லாம் அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்களேன்னேன். அவ மொகத்தப் பாத்தா வாய் வரல வடிவு, இத்தன வருசம் லெட்டர்லயே பேசிப் பளகிட்டேன்னாரு."

எட்டு நாள் சிறையில் இருந்தாரா? எனக்கு ஒரு வரி எழுதவில்லையே!

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பாள். எனக்கு வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. எனக்கு வந்து சேர வேண்டிய பேச்சு முழுவதையும் இரண்டு மாசம் இவள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அரம் போட்டுக்கொண்டு, நாசிலைக் குத்திக்கொண்டு, பாதிக் காதில் கேட்டிருக்கிறாள். எத்தனையை மறந்தாளோ, அது யாருக்குத் தெரியும்?

அவர் உட்காருகிற எண்ணெய் டின்னைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புடவையில் எண்ணெய்க் கறை பட்டது, படட்டும்.

"சொல்லு" என்றேன். "மொத நாள்லேருந்து சொல்லு. ஒண்ணு விடக் கூடாது."

வாசலில் ஒரு பொம்பளை ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "ஆளு வந்திருக்காங்கம்மா" என்றாள் வடிவாம்பாள்.

"நிக்கட்டும்" என்றேன்.